பாட்டில் கிறிஸ்துமஸ் மரம்: காற்றும் மழைநீரும் கவனம்

2011இல் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரச் சதுக்கத்தில், கலைஞர் யோலாந்தா ஷ்மித்தியேனே சுமார் 40,000 பிளாஸ்டிக் பாட்டில்களை ஜிப் டையால் (இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டை) கட்டிக் கிறிஸ்துமஸ் மரம் எழுப்பினார். உள்ளிருந்து விளக்கெரிய, மரம் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. உங்கள் தெருவிலும் அந்த அழகு வரட்டும்!

2 மீட்டர் உயரம், அடியில் 1.2 மீட்டர் அகலமுள்ள கம்பிவலைக் கூம்புக்கு, அரை லிட்டர் பாட்டில் 900 முதல் 1,000 வரை பிடிக்கும். லேபிளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உரியுங்கள். கொதிநீர் பட்டால் பாட்டில் சுருங்கிவிடும். மிஞ்சிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

மூடியைக் கழற்றிவிட்டு, வாய் வலைப்பக்கம் சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுங்கள். மழைநீர் தேங்காது, கொசுவும் வராது. டை, கழுத்து வளையத்துக்குக் கீழே இறுகவேண்டும். வழுவழுப்பான உடற்பகுதியில் கட்டினால் நழுவும். வெயிலில் வெள்ளை டை சீக்கிரம் நொறுங்கும், கறுப்பே வாங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது காற்றில்தான். பாட்டில்களின் மொத்த எடை இருபது கிலோவைத் தாண்டாது, ஆனால் பாய்மரம்போல் காற்றை வாங்கும். கூம்பின் அடிவளையத்தில் 20 கிலோ மணல்மூட்டை குறைந்தது நான்கு கட்டாயம். உள்ளே 12 வோல்ட் எல்இடி சரம் மட்டும். பிரிக்கும்போது டைகளைத் தனியே எடுத்துவிட்டால்தான் பாட்டில்கள் மறுசுழற்சிக்குச் சுத்தமாகப் போகும்.