முதுகு ஆபரேஷனுக்குப் பின் நரம்பு வலி: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் பிசியோதெரபியில் பக்கத்துக் கட்டிலில் கரன்ட் வைத்துப் படுத்திருந்த தம்பி கேட்டான்: "அண்ணே, டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இன்னும் கெண்டைக்கால் சுண்டி இழுக்குது. நரம்பு மாத்திரையை நிறுத்திட்டேன், சரிதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கும். அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

நரம்பு மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்துவது

எனக்கு எல்5-எஸ்1 டிஸ்க், அதாவது முதுகெலும்பின் அடியில் இருக்கும் கடைசி ஜவ்வு. ஆபரேஷனுக்குப் பிறகு பாதத்தின் வெளிப்பக்கம் மரத்துப்போய், வேட்டி விளிம்பு பட்டாலே எரியும். ப்ரீகாபலின் என்ற நரம்பு மாத்திரை, 75 மில்லிகிராம், காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. "இதையே தின்னுக்கிட்டிருந்தா கிட்னி போயிடும்" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையோடு நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தூக்கமே இல்லை. ஃபேன் ஓட ஓட வியர்த்து, தலையணை உறை பிழியலாம் போல நனைந்துவிட்டது. வயிற்றைப் புரட்டியது, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. காலில் பழைய எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பியது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயந்து இன்னொரு எம்ஆர்ஐ எடுத்தேன். டிஸ்கில் ஒன்றுமில்லை. ஸ்கேன் செலவும் மூன்று வாரத் தூக்கமும்தான் போயின.

அதைவிட மோசம், நடுவில் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்கியது. நாள்கணக்கில் போட்டால் வயிற்றையும் கிட்னியையும் கெடுப்பது அந்த மாதிரி வலி மாத்திரைதான். நரம்பு வலிக்கு அது பெரிதாகக் கேட்பதும் இல்லை. எதற்குப் பயந்தேனோ அதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

ப்ரீகாபலினும் அதே வகையான காபாபென்டினும் வலிப்பு நோய்க்கும் தரும் மருந்துகள். அளவுக்கு மீறி சிக்னல் அனுப்பும் நரம்பை அடக்குவதுதான் அவற்றின் வேலை. தலைவலி மாத்திரை போல வலிக்கும்போது ஒன்று போட்டுக்கொள்ள முடியாது. முழுப் பலன் தெரியச் சில வாரம்கூட ஆகும். படிப்படியாக ஏற்றுவார்கள், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். கிட்னியில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தருவார். தலைசுற்றல், தூக்கக் கலக்கம் தாங்கவில்லை என்றாலும் அவரிடமே சொல்லுங்கள். வண்டி ஓட்டாதீர்கள். தண்ணி அடிக்கவே கூடாது.

மரத்த காலில் ஒத்தடம்

சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும். வெந்நீர்ப் பை வேண்டாம்.

நல்ல நாளில் சேர்த்து வைத்து உழைப்பது

வலி குறைந்த அன்றைக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கினேன். அடுத்த நான்கு நாள் படுக்கை. நல்ல நாளோ கெட்ட நாளோ, டாக்டர் அனுமதித்த அளவு தினமும் நடங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான்.

எத்தனை வாரத்தில் சரியாகும் என்று கணக்கு பார்ப்பது

சேதமான நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் "நரம்பு வலிதானே" என்று விடுவது

சிறுநீர் இறங்காமல் அடைத்தாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் திடீரெனத் தொங்கினாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தத் தம்பி மாத்திரையை நிறுத்தி அன்றோடு இரண்டு நாள். அங்கேயே உட்காரவைத்து அவன் டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன்.