அமெரிக்க அதிபருக்கு எத்தனை மொழி தெரியும்: தகவலைச் சரிபார்க்கும் முறை

வினாடி வினா நடத்துகிறவர்களுக்கும் பொது அறிவுப் புத்தகம் தொகுக்கிறவர்களுக்கும் அடிக்கடி கையில் வந்து சேரும் பட்டியல் இது: ஜெஃபர்சன் இத்தனை மொழி, ஜான் குவின்சி ஆடம்ஸ் அத்தனை மொழி, ஹூவர் சரளமாகச் சீனம் பேசுவார், கார்ஃபீல்டு இரு கையாலும் இரு மொழி எழுதுவார். இதில் உண்மையும் ஊதிப் பெருக்கியதும் கலந்தே கிடக்கும். பிரித்தெடுக்கும் வேலை கடினமல்ல. மூல ஆவணங்களில் பெரும்பகுதி இலவசமாக இணையத்தில் இருக்கிறது.

முதல் வேலை, எண்ணிக்கையைத் தூக்கிப் போடுவது. ஒவ்வொரு மொழிக்கும் தனி வரி போட்டு, பேசுவார், படிப்பார், மொழிபெயர்ப்பார், மேடைக்காக மனப்பாடம் செய்தார் என நான்கு கட்டம் போடுங்கள். பக்கத்திலேயே ஆண்டையும் எழுதுங்கள். சிறுவயதில் பேசிய மொழி அறுபது வயதில் நாவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பட்டியல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டங்களை ஒன்றாக்குவதால்தான்.

தாமஸ் ஜெஃபர்சனை எடுத்துக்கொள்வோம். 1817 ஏப்ரலில் எழுதிய ஒரு கடிதத்தில் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் ஆகியவற்றைப் படிப்பேன் என்று அவரே சொல்கிறார். பேசுவேன் என்று அங்கே சொல்லவில்லை. 1820 வாக்கில் அவர் நான்கு மொழி பைபிள்களிலிருந்து வசனங்களை வெட்டி, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் எனப் பத்தி பத்தியாக ஒட்டித் தொகுத்த புத்தகம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது படிக்கும் திறனுக்கு உறுதியான சான்று. எழுதும் திறனுக்கு அல்ல, ஏனென்றால் ஒட்டியவை எல்லாம் அச்சான வரிகள்.

அவர் 1784இல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போகும்போது 19 நாளில் ஸ்பானிஷ் கற்றார் என்ற கதையும் உண்டு. இதன் வேரைத் தேடினால் ஜான் குவின்சி ஆடம்ஸின் நாட்குறிப்பில் 1804 நவம்பரில் போய் நிற்கும். விருந்தில் ஜெஃபர்சன் தன் வாயால் சொன்னதை ஆடம்ஸ் எழுதி வைத்தார்: ஒரு இலக்கணப் புத்தகம், இரவல் வாங்கிய ‘டான் குயிக்ஸாட்’ என்ற ஸ்பானிஷ் நாவல், 19 நாள் கடல். அதோடு, ஜெஃபர்சன் பெரிய பெரிய கதையாக விடுவார் என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார். ஆக, நடந்து 20 ஆண்டு கழித்து, சம்பந்தப்பட்டவரே சொல்லி, கேட்டவரே நம்பாத தகவல். ‘கற்றார்’ என்று அச்சிடாதீர்கள். ‘கற்றதாகச் சொன்னார்’ என்று அச்சிடலாம்.

தேடும் வழி: அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் எழுதியவர் பெயரை வடிகட்டியில் தேர்ந்தெடுத்து, மொழியின் பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ் (குவின்சி ஆடம்ஸின் தந்தை), ஜெஃபர்சன், மேடிசன் கடிதங்கள் அங்கே கிடைக்கும். குவின்சி ஆடம்ஸின் நாட்குறிப்புக்கு மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளம். 51 தொகுதி, கையெழுத்துப் படியின் படங்களோடு. தேதி தெரிந்தால் நேராக அந்தப் பக்கத்துக்கே போய்விடலாம்.

குவின்சி ஆடம்ஸ் விஷயத்தில் வழுக்குமிடம் ரஷ்ய மொழி. 1781இல், 14 வயதில், அமெரிக்கத் தூதராகப் போன பிரான்சிஸ் டானாவுக்கு உதவியாளராக அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். பிற்பாடு 1809 முதல் 1814 வரை அங்கே தூதராக இருந்தார். ‘அவ்வளவு காலம் இருந்தால் ரஷ்யன் சரளமாக வந்திருக்கும்’ என்று ஊகிக்கத் தோன்றும். அந்த அரசவையும் தூதர்களும் பேசியது பிரெஞ்சு. சிறுவனாக அவரை அழைத்துப் போனதே அவருடைய பிரெஞ்சுக்காகத்தான். ஒரு நாட்டில் வசித்தது மொழிச் சான்று ஆகாது. மாறாக, அவருடைய ஜெர்மனுக்குக் கெட்டியான சான்று உண்டு: பெர்லினில் தூதராக இருந்தபோது ஜெர்மன் கவிஞர் வீலாண்டின் ‘ஓபரான்’ என்ற நீண்ட கவிதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1940இல்தான் அச்சேறியது.

ஹெர்பர்ட் ஹூவருக்கு இரண்டு திருத்தம் வேண்டும். அக்ரிகோலா என்ற பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞரின் சுரங்கத் தொழில் நூலை லத்தீனிலிருந்து ஆங்கிலமாக்கி 1912இல் வெளியிட்டவர்கள் ஹூவரும் மனைவி லூ ஹென்றி ஹூவரும். முகப்புத் தாளில் இருவர் பெயரும் இருக்கிறது, அதனால் தனியாக ஹூவர் பெயரைப் போடுவது தவறு, அநியாயமும்கூட. சீனத்தைப் பொறுத்தவரை, தியான்ஜினில் இருந்த காலத்தில் முறையாகப் படித்தவர் லூ. தனக்கு நூறு சொல்லுக்கு மேல் ஏறவில்லை என்று ஹூவர் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறர் காதில் விழக்கூடாத விஷயம் பேச இருவருக்கும் அந்த நூறு சொல் போதுமானதாக இருந்தது. அது ‘சரளம்’ என்று புத்தகங்களில் ஏறிவிட்டது.

மனப்பாடக் கட்டத்துக்கு ஜான் கென்னடியின் குறிப்புத் தாளைப் பார்த்துவிடுங்கள். படம் எளிதாகக் கிடைக்கும். 1963 ஜூன் 26, மேற்கு பெர்லின் உரைக்கு முன் சிவப்பு மையில் அவரே எழுதியது. மூன்று வரி: இரண்டு ஜெர்மன், ஒன்று லத்தீன். மூன்று வரியிலும் எழுத்துக்கூட்டல் அந்தந்த மொழிக்குரியபடி இல்லை, ஆங்கிலக் காதுக்கு ஏற்ப மாறியிருக்கிறது. ‘நான் ஒரு பெர்லின்காரன்’ என்ற ஜெர்மன் வரி ‘இஷ் பின் ஐன் பேர்லீனர்’ என ஒலிக்கும்படி எழுத்தை மாற்றியிருக்கிறார். லத்தீன் வரியின் முதலெழுத்தையும் ‘கே’ ஆக்கி ‘கிவிஸ்’ என்று வரும்படி செய்திருக்கிறார். மொழி தெரிந்தவர் தனக்கே இப்படி எழுதிக்கொள்ள மாட்டார். எந்த அதிபரின் மேடை வரியைப் பார்த்தாலும் ‘தாளில் என்ன இருந்தது’ என்று முதலில் கேளுங்கள்.

கார்ஃபீல்டின் இரட்டைக் கை வித்தைக்கு, ஒரே நேரத்தில் லத்தீனும் கிரேக்கமும் எழுதியதைக் கண்ணால் பார்த்தவரின் அக்காலப் பதிவு எதுவும் இல்லை. விட்டுவிடுங்கள். அவர் ஓஹையோவில் ஹைராம் கல்லூரியில் அவ்விரு மொழிகளையும் கற்பித்தவர். 1880 தேர்தலின்போது தன் வீட்டுக்கு வந்த ஜெர்மானிய அமெரிக்கர்களிடம் ஜெர்மனில் பேசினார். இவை போதாதா?

அண்மைக் கால அதிபர்களுக்கு ஒலிப்பதிவே கிடைக்கும். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2001 மே 5இல் வாராந்தர வானொலி உரையை ஸ்பானிஷிலும் ஆற்றினார். பிரதியை மட்டும் படிக்காமல் கேட்டுப் பாருங்கள். எழுதி வாசிப்பதும் கேள்விக்குப் பதில் சொல்வதும் வேறு வேறு. ஒபாமா 1967 முதல் 1971 வரை ஜகார்த்தாவில் வளர்ந்தார், 2010இல் இந்தோனேசியப் பல்கலைக்கழக உரையில் அந்த மொழியில் சில வரி பேசினார். ஆனால் 2008 பிரசாரத்தில் தனக்கு அந்நிய மொழி பேச வராது என்று அவரே வெட்கப்பட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். 1977 டிசம்பரில் போலந்தின் வார்சாவில் கார்ட்டரின் பேச்சு போலிஷ் மொழியில் தப்பாக ஒலித்த குளறுபடியை அவர் தலையில் கட்டாதீர்கள். அது மொழிபெயர்ப்பாளரின் பிழை. கார்ட்டர் கற்ற மொழி ஸ்பானிஷ்.

இனி கேள்வி அமைப்பது. ‘அதிக மொழி அறிந்த அதிபர் யார்?’ என்று கேட்டால் அரங்கில் சண்டை வரும், நடுவரிடம் பதிலும் இருக்காது. ‘ஆங்கிலத்தை இரண்டாவது மொழியாகக் கற்ற ஒரே அதிபர் யார்?’ என்று கேளுங்கள். நியூயார்க்கின் கிண்டர்ஹூக்கில் 1782இல் பிறந்து, வீட்டில் டச்சு பேசி வளர்ந்த மார்ட்டின் வான் பியூரன். அதற்கு ஒரே பதில்தான்.