பழைய படத்தில் நிற்பது எந்த 9எஃப்?

பிரிட்டிஷ் ரயில்வேக்காக ராபர்ட் ரிடில்ஸ் வடிவமைத்த சரக்கு நீராவி இன்ஜின் 9எஃப். 1954 முதல் 1960 வரை மொத்தம் 251 வண்டிகள்: குரூ பணிமனையில் 198, ஸ்விண்டன் பணிமனையில் 53. எண்கள் 92000 முதல் 92250 வரை.

முதலில் சக்கரங்களை எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் முன்னால் சின்னது ஒன்று, பின்னால் 5 அடி விட்டத்தில் ஐந்து. இரண்டாம் உலகப் போர்க்கால 2-10-0 இன்ஜின்களுக்கும் (முன்னால் 2, இயக்கும் சக்கரங்கள் 10, பின்னால் 0) இதே கணக்குதான். அதனால் எண்ணியதும் முடிவு கட்டிவிடக் கூடாது. 9எஃப்-இல் கொதிகலன் உயரத்தில் உட்கார்ந்திருக்கும், அதற்கும் சக்கரங்களுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். நடுச் சக்கரத்துக்கு விளிம்பு கிடையாது. வளைவில் திரும்ப வசதியாகச் செய்த ஏற்பாடு அது. படத்தில் பெரும்பாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது.

அடுத்து புகைபோக்கி. பக்கவாட்டில் பார்க்கும்போது ஒடுங்கியிருந்தால் ஒற்றை, முன்பின்னாக நீண்டிருந்தால் இரட்டை. 92183 முதல் வந்தவை எல்லாம் இரட்டையோடுதான் பிறந்தன. அதற்கு முன்பே 92178-க்கும், இயந்திரத்தால் நிலக்கரி ஊட்டும் கருவி பொருத்திய 92165, 92166, 92167-க்கும் இரட்டை உண்டு. பிற்பாடு மாற்றப்பட்டவையும் சில இருப்பதால், எண் தெரியாத படத்தில் புகைபோக்கியை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

கொதிகலனின் முன்முனையான புகைப்பெட்டியின் இருபுறமும் நிற்கும் தகடுகள் இல்லையா? அது 92020 முதல் 92029 வரையிலான கிராஸ்டி வகையாக இருக்கலாம். கொதிகலனுக்கு அடியில் நீரை முன்கூட்டியே சூடாக்கும் உருளை, வலப்பக்கம் அடுப்புக்கு முன்னால் ஒரு புகைபோக்கி. எரிபொருள் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டார்கள். எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை. குளிர்ந்த புகையிலிருந்த கந்தகம் அமிலமாகி உலோகத்தை அரித்தது, புகையோ நேராக ஓட்டுநர் அறைக்குள் புகுந்தது. 1959 முதல் உருளையை முடக்கி, முன்புறப் புகைபோக்கியையே பயன்படுத்தினார்கள். அப்போதும் தகடுகள் வரவில்லை. இடப்பக்கப் படத்தில் கைகொடுக்கும் தடயம் இதுதான்.

பக்கத்தில் இரண்டு காற்றுப் பம்புகள் தெரிந்தால் டைன் டாக் துறைமுகத்திலிருந்து கான்செட் எஃகு ஆலைக்கு இரும்புத்தாது இழுத்த பத்தில் ஒன்று (92060–92066, 92097–92099). தாது வண்டிகளின் கதவைத் திறக்கவே அந்தக் காற்று. பம்புகள் ஒரு பக்கம் மட்டும்தான்; மறுபக்கப் படத்தில் காணோம் என்பதற்காக இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

எண் வரிசையை வைத்துத் தேதி குறிப்பதும் தப்பு. 92250 குரூவிலிருந்து வெளிவந்தது 1958 டிசம்பரில். 92220 'ஈவினிங் ஸ்டார்' ஸ்விண்டனில் முடிந்தது 1960 மார்ச்சில். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி இன்ஜின் அதுவே. கறுப்புக் கூட்டத்தில் பச்சை உடுப்பும் செம்பு விளிம்புப் புகைபோக்கியுமாக வந்ததும் அது ஒன்றுதான்.