மலத்தில் ரத்தம் என்றால் மூலம்தானா? சர்க்கரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலத்தில் ரத்தம் பட்டால் நம் ராமநாதபுரம் கடற்கரையில் அதற்குக் காரணம் உடனே கிடைத்துவிடும். "வெயில்ல வலை இழுத்தது, சூடு புடிச்சுக்கிச்சு." "நேத்து நண்டுக் குழம்புல காரம் கூடிப்போச்சு." அப்புறம் துத்தி இலையை வதக்கிச் சாப்பிடுவார்கள், மோர் குடிப்பார்கள். பையனை மெடிக்கலுக்கு அனுப்பி, "மூலத்துக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்கண்ணே" என்று வாங்கி வரச் சொல்வார்கள். இரண்டு நாளில் ரத்தம் நின்றுவிடும். விஷயமும் மறந்துவிடும்.

பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் இப்படித்தான் விட்டு விட்டு வரும். தானாக நின்ற ரத்தத்தை களிம்பு நிறுத்தியதாக நினைத்துக்கொள்கிறோம். மூலம் மிகச் சாதாரணமான நோய், ரத்தம் போகிற பெரும்பாலானவர்களுக்கு அதுதான் இருக்கும், உண்மை. ஆனால் அது மூலம்தான் என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். மூலம் இருக்கிறவருக்குக் குடலில் கட்டியும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றொன்று வராமல் போகாது.

சர்க்கரை, பிரஷர், தொப்பை மூன்றும் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வயிற்றுக்குள் கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருட்களை ரத்தத்தில் கலந்தபடியே இருக்கிறது. உடல் இன்சுலினுக்கு மசிவதும் குறைந்துபோகிறது, அதை ஈடுகட்ட கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, செல்களை வளரவும் தூண்டும். பெருங்குடலின் உள்சுவரில் உள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பவை. அந்த இடத்தில் வளர்ச்சித் தூண்டலும் அழற்சியும் வருடக்கணக்கில் தொடர்ந்தால், சாக வேண்டிய பழுதான செல் சாகாமல் பெருகுவதற்கு வாய்ப்பு கூடுகிறது. முதலில் பாலிப் என்ற சிறு முளை வரும். அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் அல்லது அதற்கு மேல் ஆகும். அதிக உடல் கொழுப்போடு தொடர்புள்ள 13 வகைப் புற்றுநோய்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் பட்டியலிட்டது. பெருங்குடல் புற்றுநோயும் அதில் உண்டு.

இதைப் படித்துவிட்டுப் பயந்துபோவதும் ஒரு தவறு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருந்தால் இந்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது. ஒரு பேச்சுக்கு, 1000 பேரில் 20 பேருக்கு வரக்கூடியது 25 பேருக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வந்தால் கேன்சர் வந்தே தீரும் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தக் கூடுதல் ஐந்து பேரில் நாம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையிலேயே கட்டிவிடும் பழக்கம். எடை குறைகிறதா? சர்க்கரை. அசதியா? சர்க்கரை. வயிறு கலங்குகிறதா? சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரை. மெட்ஃபார்மின் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்பது நிஜம். ஆனால் அது பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த புதிதில் அல்லது அளவைக் கூட்டியபோது வரும், சில வாரங்களில் தணிந்துவிடும். ஐந்து வருடமாக அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று ஒரு மாதமாகப் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறி வந்தால், மாத்திரையைக் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. போய்விட்டு வந்த பிறகும் முழுதாகப் போகாதது போலவே இருப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறி. சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தும் உடம்பு இளைத்தால், சர்க்கரையால் இளைக்கிறது என்ற பேச்சே பொருந்தாது.

ரத்தசோகையும் இதே கதைதான். பெருங்குடலின் வலது பக்கம் கட்டி வந்தால் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கண்ணுக்கே தெரியாது. ஆள் வெளுத்துப்போய், பாம்பன் பாலத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆண்களுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால், அந்த ரத்தம் எங்கே போகிறது என்று தேடித்தான் ஆக வேண்டும். இரும்பு மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் ஹீமோகுளோபின் சற்று ஏறலாம், நோய் உள்ளேயே வளரும். அந்த மாத்திரை மலத்தையும் கறுப்பாக்கிவிடுவதால், ரத்தக் கசிவால் கறுத்தாலும் கண்டுபிடிப்பது சிரமம்.

அடுத்தது இடுப்பளவு. "எனக்கு 60 கிலோதான், நான் எங்கே குண்டு?" என்பார்கள். கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். நம் மக்களிடம் மிகச் சாதாரணமான உடல்வாகு இது. எடை மெஷின் இதைக் காட்டாது. பேண்ட் சைஸும் காட்டாது, ஏனென்றால் பேண்டையும் கைலியையும் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் கட்டுகிறோம். தையல்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றுங்கள். மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டிய அளவு. இதோடு ரத்த அழுத்தம் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100, ரத்தத்தில் உள்ள கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 150 இவற்றைத் தொடுவதும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே போவதும் சேரும். இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதைத்தான் டாக்டர்கள் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார்கள்.

சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது அதனால்தான் சரியில்லை. இன்சுலின் பல வருடம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துக்கொண்டிருக்கும்போது சர்க்கரை அளவு நார்மலாகவே இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெரிய உதவி அது. மாத்திரைதான் வந்துவிடுகிறதே என்று கொழுப்புப் பரிசோதனைக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனைக்கும் போகாமல் இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு: "நாங்க மீன்தானே சாப்புடுறோம்." மீன் நல்லதுதான், சந்தேகமே இல்லை. தட்டைப் பாருங்கள். மலைபோல வெள்ளைச் சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் பொரித்த மீன். காய் எங்கே? கீரை எங்கே? நார்ச்சத்தைப் பொறுத்தவரை, தினம் 10 கிராம் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கு ஓட்ஸ் பாக்கெட் தேடி அலைய வேண்டாம். வாசலில் நிற்கும் முருங்கை, நம் சித்திரைக்கார் சிவப்பரிசி, கம்பு, பனங்கிழங்கு, சுண்டல் இவையே போதும். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினால் டிரைகிளிசரைடும் இறங்கும். கருப்பட்டி என்றால் சர்க்கரைக்காரர் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்பது தப்பு. அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் டின்னிலும் பாக்கெட்டிலும் கொண்டுவரும் பதப்படுத்திய இறைச்சியில் எச்சரிக்கை வேண்டும். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் இந்தப் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று 2015இல் அதே புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சொன்னது. கருவாடு இந்தப் பதப்படுத்திய இறைச்சியில் சேராது. அதன் உப்பு பிரஷரை ஏற்றும், எனவே அளவு வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். போட்டுக்குப் போனால் உடம்பு அசையும். இந்த 61 நாளில் உட்கார்ந்த இடத்திலேயே சீட்டாட்டமும் சாராயமுமாகப் போய்விடுகிறது. மதுவும் புகையும் தாமாகவே பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியவை. ஆஸ்பத்திரிக்குப் போக ஒருநாள் பாடு போய்விடுமே என்ற கவலை இல்லாத மாதங்களும் இவைதான். தள்ளிப்போட்ட பரிசோதனைகளை அப்போது முடித்துவிடலாம்.

சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் கேன்சர் பட்டினியில் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். மெட்ஃபார்மின் கேன்சரைத் தடுக்கும் என்று சர்க்கரை இல்லாதவர் வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

இனி பரிசோதனை. டாக்டர் ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பார் என்ற கூச்சத்திலேயே பலர் போவதில்லை, குறிப்பாகப் பெண்கள். கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் ரத்தம் போவதைப் புருஷனிடம்கூடச் சொல்வதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடமாவது சொல்லுங்கள், பெண் டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் கொலனோஸ்கோபி எழுதுவார்கள்; குழாய்க் கேமராவால் குடலைப் பார்க்கும் பரிசோதனை அது. பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிட முடியும், அதாவது புற்றுநோய் ஆவதற்கு முன்பே. முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையையும் இன்சுலினையும் அன்று எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். பட்டினியோடு வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது பரிசோதனை தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 45இல் வந்தது என்றால் தம்பி 35இல் போய்ப் பார்க்க வேண்டும். கீழக்கரையில் இருக்கும் காக்காவும் (அண்ணனும்) துபாயில் இருக்கும் தம்பியும் இதில் ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கு வந்ததை ஊருக்கு மறைத்தாலும், கூடப் பிறந்தவர்களுக்கு மறைக்காதீர்கள்.