மில் கம்ப்யூட்டரில் மல்டிபோர்ட் சீரியல் கார்டு போடுவது எப்படி?

கோவை, திருப்பூர், பெருந்துறைப் பக்கம் நூல்மில், சாயப்பட்டறை எதற்குள் போனாலும் எனர்ஜி மீட்டர், மோட்டார் டிரைவ், எடைத்தராசு எனப் பலதும் இன்னும் சீரியல் லைனில்தான் ஓடுகின்றன, கம்ப்யூட்டரில் இருப்பதோ ஒன்றிரண்டு போர்ட். யூஎஸ்பி கன்வெர்ட்டரை வரிசையாகச் செருகியும் ஓட்டலாம், ஆனால் யாராவது கழற்றி வேறு இடத்தில் மாட்டினால் காம் நம்பர் (கம்ப்யூட்டர் அந்த போர்ட்டுக்குக் கொடுக்கும் எண்) மாறி ரிப்போர்ட் நின்றுவிடும். மூன்று ஷிப்டும் ஓடுகிற இடத்துக்கு பல சீரியல் போர்ட்டை ஒன்றாகத் தரும், உள்ளே மாட்டும் மல்டிபோர்ட் கார்டுதான் சரி.

வாங்கும் முன் தூரத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே, 15 மீட்டருக்குள் இருக்கும் தராசுக்கு ஆர்எஸ்-232 வகை சீரியல் லைன் போதும். பேனல் ரூம் வரை இழுக்க ஆர்எஸ்-485 வகை வேண்டும், குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை தாங்கும். ஐசொலேஷன் (லைனையும் கம்ப்யூட்டரையும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரிப்பது) உள்ள கார்டாகவே வாங்குங்கள், இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். ஷெட் எர்த்தும் ஆபீஸ் எர்த்தும் ஒரே அளவில் இருப்பதில்லை, பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதும் இடி இடிக்கும்போதும் அந்த வித்தியாசம் கேபிள் வழியாக ஏறி மதர்போர்டு வரை போய்விடும்.

நாற்பது எனர்ஜி மீட்டர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே லைனில் கோர்க்காதீர்கள். சாதாரணமாக ஒரு லைனுக்கு 32 கருவிதான் கணக்கு, அதோடு 9600 வேகத்தில் ஒரு பைட் போகவே சுமார் 1 மில்லிசெகண்ட் ஆகும். பத்துப் பத்தாக நாலு போர்ட்டுக்குப் பிரித்து, நாலையும் ஒரே நேரத்தில் படிக்க வைத்தால் கால்வாசி நேரத்தில் முடியும்.

மாட்டும்போது கம்ப்யூட்டரின் பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்லாட்டில் இருக்கும் பஞ்சுத்தூசியை ஊதிவிட்டுச் செருகுங்கள். எக்ஸ்1 (குட்டை பிசிஐ எக்ஸ்பிரஸ்) கார்டு நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலும் உட்காரும். எட்டு போர்ட் கார்டு என்றால், எட்டு போர்ட்டும் வால் வாலாகப் பிரியும் கேபிளின் ஸ்குரூவை இறுக்கி, கனம் கார்டை இழுக்காதபடி கட்டிவிடுங்கள். விண்டோஸ் என்றால் டிரைவர் போட்டதும் டிவைஸ் மேனேஜரில் காம் நம்பரை நிலைப்படுத்தி, அதே எண்ணை வாலிலும் ஒட்டுங்கள். லினக்ஸில் நாலு போர்ட் மட்டும் தெரிந்தால் கார்டைச் சந்தேகப்படாதீர்கள், பூட் செட்டிங்கில் 8250 டிரைவருக்கான போர்ட் எண்ணிக்கையை ஏற்றுங்கள்.

ஷெட் வயரைத் தொடும் முன் டெஸ்ட் செய்துவிட வேண்டும். ஆர்எஸ்-232 என்றால் 2, 3 பின்களை இணைத்து டெர்மினலில் தட்டுங்கள், அடித்தது அப்படியே திரும்ப வரும். இரண்டு வயர் ஆர்எஸ்-485க்கு அதே கார்டின் இரண்டு போர்ட்டை ஏ-க்கு ஏ, பி-க்கு பி (ஏ, பி என்பது அந்த இரண்டு வயரின் பெயர்) கொடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பிப் பாருங்கள்.

அப்புறம் லைன். இரண்டு கடைசியிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். பவரை நிறுத்தி ஏ-பி நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் பக்கம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது, 40 காட்டினால் நடுவிலும் யாரோ ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தும் மீட்டர் பதில் தரவில்லையா? ஏ, பி-யை மாற்றிக் கொடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பெயர் தலைகீழாக இருக்கும், மாற்றினால் எதுவும் எரியாது. கடைசியாக சாப்ட்வேரில் டைம்அவுட்டை, அதாவது மீட்டரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, கவனியுங்கள். அதை 1 செகண்டில் விட்டால், கரண்ட் இல்லாத ஒரே மீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் மொத்த லைனையும் அத்தனை நேரம் காக்க வைக்கும். 300 மில்லிசெகண்டுக்கு இறக்கி, மீட்டர்கள் ஒழுங்காகப் பதில் தருகின்றனவா என்று பாருங்கள்.