புது ஃபுல் பிரேம் கமரா வரட்டும் எண்டு இருக்கிற ஆக்கள் விடுற பிழையள்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கம் கலியாண வீடு சாமத்திய வீடு எடுக்கிற பொடியளோட கதைச்சால் இப்ப எல்லாரும் ஒண்டைத்தான் கேக்கிறாங்கள், "அண்ணை, அடுத்த மொடல் வரப்போகுதாம், பொறுப்பமோ, இருக்கிறதை வாங்குவமோ?" எண்டு. கேள்வியே பிழையான இடத்தில துவங்குது. வரப்போறது ஒரு ஃபுல் பிரேம் கமரா, அதாவது படம் பிடிக்கிற சென்சர் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெருசா இருக்கிறது, ஆனா நீங்கள் காசைக் கொட்டப்போறது மவுண்டுக்குள்ள, அதாவது லென்ஸ் பூட்டுற வாய்க்குள்ள. கமராவை நாலஞ்சு வருசத்தில மாத்துவியள், லென்ஸைப் பத்து வருசம் வைச்சிருப்பியள்.

பொறுக்கிற கதையை முதல் பாப்பம். சொனி ஏ7 III ஐ 2018 பெப்ரவரியில அறிவிச்சவங்கள், ஏ7 IV ஐ 2021 ஒக்டோபரிலதான் அறிவிச்சவங்கள். இடையில மூண்டரை வருசத்துக்கு மேல "வருது வருது" எண்ட கதைதான், அதை நம்பி பழைய கமராவோட இழுபட்டவை எத்தினை முகூர்த்தத்தை விட்டிருப்பினம். புதுசு வந்தாப் பழசு மலியும் எண்டும் சொல்லுவினம், அது வெளிநாட்டில சரிதான், இஞ்ச அப்பிடி இல்லை. 2022 இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 தாண்டிப் போனதைப் பாத்தனாங்கள்தானே, வெளியில விலை இறங்கினாலும் எங்கட காசில ஏறித்தான் நிண்டது.

அதுக்காக வந்த கிழமையே சங்கிலியை அடைவு வைச்சு வாங்கிறதும் சரியில்லை. 2018 ஓகஸ்டில நிக்கோன் செட்6, செட்7, செப்டெம்பரில கெனன் ஈஓஎஸ் ஆர், மூண்டிலயும் மெமரி கார்ட் போட ஒரே ஒரு ஓட்டை, அந்தக் கார்ட் பழுதானால் படமெல்லாம் போச்சு. கலியாணம் எடுக்கிறவனுக்கு அது எவ்வளவு பயம் எண்டு சொல்லத் தேவையில்லை, தாலி கட்டை ஐயர் திருப்பிச் செய்து தரமாட்டார். ரெண்டு கார்ட் போடுற செட்6 II உம் ஆர்6 உம் 2020 இலதான் வந்தது. நிக்கோனுக்குக் கண்ணைப் பிடிக்கிற போகஸே 2019 மே மாச ஃபேர்ம்வெயாரில, அதாவது கமராவுக்குள்ள ஓடுற மென்பொருளின்ர புதுப்பிப்பிலதான் குடுத்தவங்கள். கெனன் ஆர்5 இன்னும் நல்ல உதாரணம், 8கே வீடியோ எண்டு உலகமே துள்ளினது, பிறகு பாத்தா 20 நிமிசத்தில சூடாகி நிக்குமாம், அந்தக் கணக்கும் 23 பாகை வெப்பத்தில எடுத்தது. எங்கட சித்திரை வெயில்ல தகரக் கொட்டகைக்குள்ள அது என்ன பாடுபடும் எண்டு நீங்களே யோசியுங்கோ. ஆறு மாசம் விட்டுப் பாத்து வாங்கினால் ஒண்டும் கெட்டுப்போகாது.

இப்ப ஆக்கள் கூட மாட்டுப்படுற இடம் அடப்டர், பழைய லென்ஸைப் புது மவுண்டில பூட்ட இடையில போடுற வளையம். "என்னட்டப் பழைய லென்ஸ் இருக்கு, அடப்டர் போட்டா எல்லாம் வேலை செய்யும்" எண்டு கடைக்காரன் சொல்லுவான், பாதி உண்மை. நிக்கோன் வைச்சிருக்கிற கனபேரிட்ட 50 எம்எம் 1.8 டி லென்ஸ் கிடக்கும், மலிவு, வடிவா எடுக்கும். அந்த லென்ஸுக்குள்ள மோட்டார் இல்லை, பழைய டி750 மாதிரிக் கமராவுக்குள்ள இருக்கிற மோட்டார்தான் ஒரு சின்ன ஸ்குரூவால அதைச் சுத்துறது. புது செட் கமராவுக்கு நிக்கோன் விக்கிற எஃப்டிசெட் அடப்டரில அந்த மோட்டார் இல்லை, அதால லென்ஸ் பூட்டுப்படும், வெளிச்ச அளவு வேலை செய்யும், ஆனா போகஸைக் கையாலதான் சுத்தவேணும். மாப்பிளை பொம்பிளை நடந்து வரேக்க கையால சுத்திப் பாருங்கோ தெரியும். லென்ஸைத் திருப்பிப் பின்பக்க உலோக வளையத்தில அந்த ஸ்குரூ ஓட்டையைப் பாருங்கோ, ஸ்குரூ இருந்து, லென்ஸின்ர பேரில ஏஎஃப்-எஸ் எண்டும் இல்லையெண்டா அது இந்தச் சாதிதான்.

கெனன்காரருக்கு இந்தப் பிரச்சினை இல்லை, பழைய கெனன் கமராவின்ர ஈஎஃப் லென்ஸ் எல்லாம் அவையின்ர அடப்டரில நல்லா ஓடும். ஆனா சின்ன சென்சர் கமராவுக்கெண்டு செய்த ஈஎஃப்-எஸ் லென்ஸைப் போட்டா கமரா தானாகவே நடுவை மட்டும் வெட்டி எடுக்கும், ஆர்6 இன்ர 20 மெகாபிக்சலில 8 கூட மிஞ்சாது. ஃபுல் பிரேமுக்குக் காசு குடுத்து அதில பாதிக்கும் குறைவைப் பாவிக்கிறதுக்கு என்னத்துக்கு மாறுறது?

அடுத்தது, வேற கொம்பனி லென்ஸ். சொனி 2011 இலயே தன்ர மவுண்டின்ர விவரத்தை மற்றக் கொம்பனியளுக்குத் திறந்து விட்டிட்டுது, அதாலதான் 2018 இல டம்ரோன் 28-75 2.8 லென்ஸ் வந்து கலியாணக்காரர் கனபேரைச் சொனிப் பக்கம் இழுத்தது, பிறகு சிக்மா 24-70 உம் வந்தது. கெனன் தன்ர புது ஆர்எஃப் மவுண்டை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தது, 2024 இலதான் சிக்மாவுக்கும் டம்ரோனுக்கும் அனுமதி குடுத்தது, அதுவும் சின்ன சென்சர் லென்ஸுக்கு. நிக்கோன் இடையில நிக்குது. கமரா விலையை மட்டும் ஒப்பிட்டு "கெனன் மலிவு" எண்டு முடிவெடுத்தவன் 24-70, 70-200 லென்ஸ் ரெண்டின்ரையும் விலையைக் கேட்ட பிறகுதான் தலையில கை வைப்பான். கடுதாசியில கமரா, ரெண்டு லென்ஸ், பிளாஷ், மேலதிக பற்றரி, கார்ட் எல்லாத்தையும் எழுதிக் கூட்டின பிறகு ஒப்பிடுங்கோ.

பிளாஷைச் சொன்னதால இதையும் சொல்லவேணும், கெனனுக்கு வாங்கின கொடொக்ஸ் பிளாஷை சொனிக்கு மேல பூட்டினால் ஒழுங்கா வேலை செய்யாது. ஆனா கமராவுக்கு மேல பூட்டி, தூரத்தில இருக்கிற பிளாஷை அடிக்க வைக்கிற சொனிக்குரிய ரிகர் ஒண்டு வாங்கினால் பழைய பிளாஷைத் தள்ளி வைச்சு அடிக்கலாம், விக்கத் தேவையில்லை. விளங்காமல் பாதி விலைக்கு வித்தவங்கள் இருக்கிறாங்கள்.

மெகாபிக்சல் ஆசை எண்டது தனி வருத்தம். 24 மெகாபிக்சல் படத்தை 300 டிபிஐ இல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 20க்கு 13 அங்குலம் அடிக்கலாம், எங்கட அல்பத்தில ஒரு பக்கத்துக்கு அது தாராளம். 61 மெகாபிக்சல் ஏ7ஆர் IV இல சுருக்காத றோ ஃபைல் (சென்சர் பிடிச்சது அப்பிடியே இருக்கிற ஃபைல்) ஒண்டு கிட்டத்தட்ட 120 எம்பி, ஒரு கலியாணத்துக்கு 3000 படமெண்டா 360 ஜிபி, உங்கட கொம்பியூட்டர் தாங்குமோ?

வெளிநாட்டில இருந்து சித்தப்பா கொண்டு வாற கமராவில ரெண்டு விசயம் கேளுங்கோ. கொம்பனி உத்தரவாதம் இஞ்ச செல்லுமோ எண்டது ஒண்டு, ஜப்பான் உள்ளூர்ச் சந்தைச் சொனியோ எண்டது மற்றது. அந்தக் கமராவில மெனு முழுக்க ஜப்பான் மொழியிலதான் வரும், மாத்த ஏலாது.

கடையில புதுக் கமராவைக் கையில தந்தா எல்லாரும் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டு ஆகா எண்டுவினம். அதே ஷட்டரோட மண்டபத்துக்குப் போய் மணவறை எல்ஈடி லைட்டுக்குக் கீழ எடுத்தால் படம் முழுக்கக் கோடு கோடா விழும், சென்சரை மேலயிருந்து கீழ கொஞ்சம் கொஞ்சமா வாசிக்கிறதால வாற வினை. அதுக்குள்ள லைட் மின்னி மின்னி அணைஞ்சிடும். சாதாரண மெக்கானிக்கல் ஷட்டரைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிடும்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குள்ள நிண்டு லென்ஸ் மாத்திற ஆக்களையும் பாத்திருக்கிறன். மிரர்லெஸ் எண்ட இந்தப் புதுக் கமராவளில சென்சருக்கு முன்னால பழைய கமராவில இருந்த கண்ணாடி இல்லை, லென்ஸைக் கழட்டினால் சென்சர் வெளிய தெரியும், சனத்தின்ர காலால கிளம்புற புழுதி நேர அதில போய்க் குந்தும். ஈஓஎஸ் ஆர் நிப்பாட்டினால் ஷட்டரை மூடிக்கொள்ளும், செட்6 மூடாது. ஆகத்தான் வேணுமெண்டால் கமராவை நிப்பாட்டி, வாயைக் கீழ பாக்கப் பிடிச்சு, காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாத்துங்கோ. பற்றரியும் அப்பிடித்தான், டி750 ஒரு சார்ஜில 1230 படம் எண்ட கணக்கு, ஈஓஎஸ் ஆர்பி 250 தான், விடிய விடியப் பொங்கல் எடுக்கப் போறவன் நாலு பற்றரியாவது கொண்டு போகவேணும்.