போலிக் காப்பியம் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் 'தி ரேப் ஆஃப் தி லாக்' நடத்துகிறேன். ஒரு பெண்ணின் கூந்தல் சுருளை ஒருவர் வெட்டிய சின்னச் சம்பவத்தைப் பெரும் போர்க் காப்பிய நடையில் பாடும் கவிதை அது, அதனால்தான் போலிக் காப்பியம் என்கிறோம். கிரேக்கத் தெய்வங்களின் பெயர்கள் குழம்புவதும் பழைய ஆங்கிலம் தடுக்குவதும் எனக்குக் கவலையே இல்லை, நாலு வகுப்பில் சரியாகிவிடும். ஆனால் சில தவறுகளை ஆரம்பத்திலேயே பிடிக்காவிட்டால் கவிதையே கைநழுவிப் போகும்.

போப் ஹோமரைக் கேலி செய்கிறார் என்று எழுதுவது

விடைத்தாளில் இந்த வரியைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு முறை நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர் இதையே மையமாக வைத்து முழு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொண்டுவந்தார். மேற்கோள்கள் சரி, நடையும் சரி. அடித்தளம் தவறு என்பதால் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இந்த ஒரு வரியைத் தவறாகப் பிடித்தால் பின்னால் வரும் எல்லாமே தலைகீழாகிவிடும்.

'இலியட்' காப்பியம் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹோமர் போப்புக்கு வாழ்நாள் காதல். கவிதையின் ஐந்து காண்டப் பதிப்பு வந்தது 1714இல். மறு ஆண்டே அவருடைய 'இலியட்' மொழிபெயர்ப்பு வெளிவரத் தொடங்கி 1720இல் முடிந்தது. அப்படிப்பட்டவர் காப்பியத்தைச் சிறுமைப்படுத்த மாட்டார். காப்பியத்தின் உயரத்தை அப்படியே நிறுத்திவைத்து, அதன் பக்கத்தில் தன் காலத்து லண்டன் மேட்டுக்குடியை நிற்கவைக்கிறார். யார் குள்ளம் என்பது தானே தெரிந்துவிடுகிறது.

இதைக் காட்ட ஐந்தாம் காண்டத்தில் கிளாரிசா என்ற பெண் பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலியடில் சார்பிடன் என்ற வீரன் தன் தோழன் கிளாக்கஸிடம் கேட்கிறான்: விருந்தில் நமக்கு முதல் இருக்கை, நல்ல இறைச்சி, நிறைந்த கிண்ணம் எல்லாம் எதற்குத் தருகிறார்கள்? போரில் முன்னால் நிற்கத்தானே? சாவு எப்படியும் வரும், வா போவோம். இந்தப் பகுதியை போப்பே மொழிபெயர்த்து 1709இல் வெளியிட்டிருந்தார். கிளாரிசா அதே அமைப்பில் பேசுகிறாள்: ஆண்கள் நம்மைச் சுற்றி வருவதும் நாடக அரங்கில் குனிந்து வணங்குவதும் எதற்கு? நற்குணம் இல்லாவிட்டால் அழகு எத்தனை நாள்? சுருண்டாலும் சுருளாவிட்டாலும் கூந்தல் நரைக்கத்தான் போகிறது. வாதத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. போர்க்களம் இருந்த இடத்தில் வரவேற்பறை, சாவு இருந்த இடத்தில் நரை. அவள் பேசி முடித்ததும் கைதட்ட ஆளில்லை. சார்பிடனை கிளாக்கஸ் பின்தொடர்ந்தான், இவளை யாரும் பின்தொடரவில்லை. ஹோமரைத் தெரிந்த வாசகனுக்கு இங்கே யார்மேல் அடி விழுகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இலியடின் பன்னிரண்டாம் காண்டத்தில் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு வாருங்கள்.

கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாராதது

1712இல் வந்த முதல் பதிப்பில் இரண்டே காண்டம். 1714இல் ஐந்து. கிளாரிசாவின் பேச்சு சேர்ந்தது 1717இல்தான்.

கதைச்சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வது

பெட்ரே பிரபு அரபெல்லா ஃபெர்மர் என்ற பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளை வெட்டிவிட்டார். இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் மனக்கசப்பு. அதைத் தணிக்க ஒரு கவிதை எழுதும்படி நண்பர் ஜான் கேரில் போப்பைக் கேட்டுக்கொண்டார். கதை இவ்வளவுதான். கவிதையில் அரபெல்லா பெலிண்டாவாகவும், பெட்ரே பெயர் சொல்லாத ஒரு பிரபுவாகவும் வருகிறார்கள்.

அங்கதம் ஈரடிகளுக்குள் இருக்கிறது. பெலிண்டாவுக்கு வரப்போகும் ஆபத்து என்ன என்று காவல் தேவதை ஏரியல் யோசிக்கும்போது, கற்பு குலைவதும் சீனக் களிமண் ஜாடி விரிசல் விடுவதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. மானத்தில் கறை படியுமா, புதுச் சரிகை உடையில் படியுமா என்று அடுத்த அடி. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். உரைநடைச் சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது இதுதான். வாய்விட்டுப் படியுங்கள்.

பெலிண்டாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது

அவளுடைய ஒப்பனை மேசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பவுடர், காதல் கடிதம் இவற்றோடு பைபிளும் கலந்து கிடக்கும் மேசை அது, எழுதலாம். ஆனால் பன்னிரண்டு பெரிய பிரெஞ்சுக் காதல் நூல்களை அடுக்கிப் பலிபீடம் கட்டி, பழைய காதல் கடிதங்களால் அதற்குத் தீ மூட்டிய பிரபுவை விட்டுவிடுகிறார்கள். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததே கிளாரிசாதான் என்பதும் மறந்துபோகிறது.

அதைவிட முக்கியமான ஈரடி ஒன்று மூன்றாம் காண்டத் தொடக்கத்தில் இருக்கிறது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் சீட்டாட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், பசித்த நீதிபதிகள் அவசரமாகத் தண்டனையில் கையெழுத்திடுகிறார்கள். ஜூரிகள் சாப்பிடப் போக வேண்டும் என்பதற்காக ஏழைகள் தூக்கில் தொங்குகிறார்கள். அடுத்த அடியிலேயே கவிதை வணிகர்கள் வீடு திரும்புவதற்குப் போய்விடுகிறது. அந்த வேகத்தில் நீங்களும் கடந்து போய்விடாதீர்கள்.